மஹ்மூது மாமாவின் அப்

எருக்கலம்பிட்டியிலிருந்து மன்னார் ரவுணுக்குப் போகிற பாதையில் காலைவேளைகளில் வாகனங்களை விடக் கழுதைகள்தான் அதிகம். நடு றோட்டில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருக்கும். மற்ற ஓட்டோக்காரர்கள் ஹோர்ன் அடிப்பார்கள். மஹ்மூது மாமா அடிப்பதில்லை. ஓட்டோவை நிறுத்திவிட்டு, அதுகள் யோசித்து முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அதுகளுக்கும் ஒரு அலுவல் இருக்கும்தானே," என்பார்.

நான் பின் சீற்றில் இருப்பேன். ரவுணில் உள்ள நூலகத்தில் எனக்கு வேலை. பஸ் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. மாமாவின் ஓட்டோ எந்த நாளும் வரும். எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவு அவருடையது. நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. மடியில் ஒரு கவிதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாசிப்பதை விட, கண்ணாடியில் தெரிகிற மாமாவின் பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு போவதுதான் கூட.

தொண்ணூறில், முஸ்லிம் சனம் எல்லாம் வெளியேறவேண்டும் என்று இயக்கம் சொல்லி, ஊரே வெளிக்கிட்டபோது மாமா இளந்தாரி. புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்தார். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு மகள். உப்பிலிருந்து ஓட்டோவுக்கு மாறினார். ஊருக்குத் திரும்பலாம் என்று வந்த காலத்தில் குடும்பத்தையும் பாயையும் சட்டிபானையையும் அந்த ஓட்டோவிலேயே ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். "போகேக்க ஆரோ ஒருத்தற்ற வள்ளத்தில போனன். வரேக்க என்ர வாகனத்தில வந்தனான்," என்று சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இருக்காது. வாகனம் வாங்கின சந்தோஷம்தான் இருக்கும்.

மாமாவின் இங்கிலீஷ் முழுவதும் அந்த ஓட்டோவுக்குள் அடங்கியது. ஆளை ஏற்றினால் பிக்கப். இறக்கினால் ட்ரொப். பின்னுக்கு எடுத்தால் ரிவேர்ஸ். விளக்கை அணைத்தால் ஓஃப். கோட்டையையும் பெருக்க மரத்தையும் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு "யேஸ் சேர், பிக் ட்ரீ, வெரி ஓல்ட்" என்பார். அதற்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை. நுஹா பேசத் தொடங்கும் வரைக்கும்.

நுஹா மாமாவின் பேத்தி. மகள் றுமைஸாவின் பிள்ளை. றுமைஸா கல்யாணம் முடித்து, கணவர் றிஸ்லானோடு இங்கிலாந்தில் ஒரு மழைக்கார ஊரில் இருக்கிறாள். நுஹா பிறந்தது அங்கே, வளர்வது அங்கே, கனவு காண்பதும் இங்கிலீஷில் என்று றுமைஸா சொல்லுவாள். பிள்ளையை மாமா போனில்தான் கண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் தகப்பன் வாப்பா. தாயின் தகப்பன் அப்பா. அந்த ஒரு சொல்லைத்தான் றுமைஸா பிள்ளைக்குத் தமிழில் பழக்கியிருந்தாள். நுஹாவின் வாயில் அது ஒரே சொல்லாக வராது. முதலில் ஒரு 'அப்'. ஒரு சின்ன மூச்சு. பிறகு 'பா'. மாமா அந்தச் சின்ன மூச்சுக்காகவே பின்னேரம் முழுதும் காத்திருப்பார்.

ஒரு பின்னேரம் அவர் போனைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். கழுதைகளைப் பற்றிப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலியால் எனக்கு எல்லாம் கேட்டது.

"றோட், மெனி டொங்கி. டொங்கி திங்கிங். ஓட்டோ ஸ்டொப். டொங்கி கோ. ஓட்டோ கோ."

"அப்-பா," என்றது போன். "யூ ஆர் மேக்கிங் இட் அப்!"

மாமா திகைத்தார். பிறகு பலமாகத் தலையாட்டினார். "நோ நோ. நோ மேக்கப். டொங்கி நோ மேக்கப். சும்மா டொங்கி!"

றுமைஸா சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. ஆனால் பிள்ளை சிரிக்கவில்லை. தாயிடம் என்னவோ சொல்லிவிட்டுப் போனது. திரையில் வெறும் சுவர்.

"பிள்ளை என்ன சொன்னவ, மகள்?"

"ஒண்டுமில்ல வாப்பா. நீங்க கதை கட்டுறீங்களாம். அவ கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுறதே இல்லையாம். அதான் போயிட்டா."

"கதை கட்டுறனா? நானா?"

அடுத்த நாள் காலை கழுதைகள் நின்ற இடத்தில் ஓட்டோ நின்றது. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அப் எண்டா என்ன?"

"மேல, மாமா."

"அது எனக்கும் தெரியும். மேக் எண்டா?"

"செய்யிறது."

"அப்ப மேக் அப் எண்டா மேல செய்யிறது. முகத்துக்கு மேல பூசுறாங்க, அது பொருந்துது. இதுக்குள்ள பொய் எந்தப் பக்கத்தால வந்தது?"

இங்கிலீஷ் வாசித்திருக்கிறேன், ஆனால் அந்தச் சின்னச் சொற்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்ததில்லை. கடைசியில் சொன்னேன்: "ரெண்டும் சேர்ந்தா மூண்டாவதா ஒண்டு பிறக்குது, மாமா."

"கலியாணம் மாதிரி?"

"ஓம்."

"பிள்ளை தாய் தகப்பன் மாதிரி இருக்காதோ?"

"சில நேரம் இருக்காது."

மாமா கியரைப் போட்டார். "அப்ப எனக்குப் பழக்கம்தான்," என்றார்.

ஒரு வாரம் போனபின் செய்தி வந்தது. மார்கழி விடுமுறைக்கு றுமைஸாவும் நுஹாவும் வருகிறார்கள். றிஸ்லானுக்கு லீவு இல்லை. தாயும் பிள்ளையும் மட்டும். அன்றைக்கு மாமா எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார்.

"தம்பி, அவ வந்து என்ர மடியில இருக்கோணும். அதுதான் எனக்கு வேணும். பாஷை தெரியாத கிழவன் எண்டு ஒதுங்கிப்போனா, பிறகு எப்ப வருவாவோ, எவ்வளவு வளந்து வருவாவோ. அதுக்குப் பிறகு மடி சரிவராது."

அப்படித்தான் பாடம் தொடங்கியது. போகும்போதும் வரும்போதும். பாலத்துக்கு அப்பால் தள்ளாடிப் பக்கமிருந்து வருகிற காற்றில் என் பாதிச் சொற்கள் பறந்து போகும். மிச்சத்தை மாமா பிடித்துக்கொள்வார்.

'லுக்' என்றால் பார்ப்பது. அது அவருக்குத் தெரியும். 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது என்றேன்.

"ஆஃப்டர் எண்டா பிறகுதானே? பின்னால?"

"ஓம், பின்னால எண்டும் வரும்."

"பின்னால பாக்கிறது எப்பிடிப் பராமரிக்கிறதாகும்?" பிறகு கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். "சரிதான். பின் சீற்றில இருக்கிற சனத்தை நான் இதாலதானே பாத்துக்கொள்ளுறன். லுக் ஆஃப்டர்."

'லுக் ஃபோர்வேர்ட் ரு' என்றால் ஆசையோடு எதிர்பார்த்திருப்பது என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்துபோனது.

"இது முன் கண்ணாடி. ஆனா தம்பி, இதில மூண்டு துண்டு இருக்கே? அந்தக் கடைசி 'ரு' என்னத்துக்கு?"

"அது இல்லாட்டி ஆளில போய்ச் சேராது, மாமா. 'லுக் ஃபோர்வேர்ட்' எண்டு மட்டும் சொன்னா சும்மா முன்னால பாக்கிறது. 'ரு' போட்டாத்தான் ஆரை எண்டு வரும்."

"மூண்டு சில்லு," என்றார். "ஒண்டைக் கழட்டினாலும் சரிஞ்சிடும். ஓட்டோவேதான்."

அன்றிலிருந்து அவருக்கு இங்கிலீஷில் மூன்று சில்லுச் சொற்கள் என்று தனிச் சாதி ஒன்று இருந்தது. 'ரன் அவுட் ஒஃப்' என்றால் தீர்ந்துபோவது என்றேன். "பெற்றோல் ரன் அவுட் ஆனா ஆர் எறிஞ்சது, ஆர் விக்கற்றில அடிச்சது?" என்று கேட்டுவிட்டு, பெற்றோல் இல்லாமல் சனம் வரிசையில் நின்ற வருஷத்தை நினைத்துத் தனக்குத்தானே சிரித்தார். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. அதை அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார் போல. ஸல்மா மாமி வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, புட்டப் பித்தோ என்னவோ, அதைத்தான் நான் இந்த மனிசனோட இவ்வளவு காலமும் செய்யிறனாம். உள்ளதோ?"

"உள்ளதுதான் மாமி."

"அப்ப எனக்கும் இங்கிலீஷ் தெரியும்." ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "இறால் பொரியல். சாப்பிட்டுப் பாருங்கோ."

மாமா உள்ளிருந்து கத்தினார்: "கேள் தம்பி, கேள்! சாப்பிட்டுப் பார் எண்டுறா. கண்ணாலயா பாக்கிறது? எங்கட தமிழிலயும் இந்த விளையாட்டு இருக்கு!"

"விழுந்து விழுந்து சிரிக்கிறம், ஆரும் விழுறதில்ல," என்றாள் மாமி. "வந்து விட்டன் எண்டுறம், அதில எதை விட்டம்? போங்கோ, போய்க் குளியுங்கோ."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசித்த கவிதையில் ஒரு பெரிய சொல்லும் இல்லை. 'விட்டு', 'போய்', 'கொண்டு' எல்லாம் வரிக்கு வரி ஓரமாக நின்றன. அதுகள்தான் அதை நடத்திக்கொண்டு போயின. மாமா சொல்லும்வரைக்கும் நான் அதைக் கவனிக்கவில்லை.

மாமா தனக்கென்று ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுத்தார். பேத்தி வந்து இறங்கியதும் சொல்வதற்கு. 'ஐ வோஸ் லுக்கிங் ஃபோர்வேர்ட் ரு யூ.' பெருக்க மரத்தைத் தாண்டும்போது ஒருமுறை, பாலத்தில் ஒருமுறை, ஓட்டோ தரிப்பிடத்தில் வலன்ரைன் அண்ணர் கேட்கவென்றே ஒருமுறை. வலன்ரைன் அண்ணர் பேசாலைக்காரர், கத்தோலிக்கர். அவருடைய ஓட்டோ எப்போதும் மாமாவின் ஓட்டோவுக்குப் பின்னால்தான் நிற்கும்.

"மஹ்மூது, உந்த வசனத்தை ஒருக்கா மாதாவுக்கும் சொல்லு. ரெண்டு பாஷையிலயும் கேட்டுப் பாக்கட்டும்," என்பார்.

வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னம் மாமா வேலியடிக்கு ஓடி வந்தார். கையில் போன். கண்ணெல்லாம் சிரிப்பு.

"தம்பி, இண்டைக்கு முழுசா விளங்கினது! நுஹா கேட்டவ, 'வில் யூ பிக் மி அப்?' எண்டு. நான் சொன்னன், 'யேஸ், யேஸ், பிக்கப் ஓகே. அப்பா பிக்கப், எனி டைம்!' எண்டு. பிள்ளைக்குச் சரியான சந்தோஷம். துள்ளினவ."

அந்த ஒரு சொல்லில்தான் அவர் வாழ்நாள் முழுக்க ஓடியிருக்கிறார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அவர்கள் வான் ஒன்றில் வந்தார்கள். ஓட்டோவில் அவ்வளவு தூரம் போக முடியாது என்று றுமைஸாவே ஒழுங்கு பண்ணிவிட்டாள். அதில் மாமாவுக்கு ஒரு சின்ன மனக்குறை. அதனால் ஓட்டோவைக் கழுவி, சீற்றுக்குப் புது உறை போட்டு, வீட்டுக்குப் பக்கத்து ஒழுங்கையில் தயாராக விட்டிருந்தார்.

வாடைக்காற்று மழையை எடுத்துக்கொண்டு போன ஒரு பின்னேரம். முற்றத்து மணல் இன்னும் ஈரம். வான் நின்றது. கதவு திறந்தது. முதலில் ஒரு சிவப்புச் சப்பாத்து, பிறகு நித்திரை கலையாத ஒரு முகம். போனில் கண்டதை விடச் சின்னவள். றோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற கழுதையைக் கண்டு அவளுடைய வாய் திறந்தது. அதைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், திரும்ப அதைப் பார்த்தாள். கதை கட்டவில்லை என்று அந்த இடத்திலேயே விளங்கியிருக்கவேண்டும். நேரே நடந்து வந்தாள். மாமாவுக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"பிக் மி அப்," என்றாள்.

மாமாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். இத்தனை நாள் பழகின வசனம் எங்கோ போய்விட்டது. அதற்கு அவசியமே இல்லை. பிள்ளை அவருடைய சொல்லில் அல்லவா பேசுகிறாள். "ஓகே! ஓகே! பிக்கப்!" என்று திரும்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினார். ஓட்டோ ஸ்ராட் ஆகிற சத்தம் கேட்டது. ஹோர்ன் கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒழுங்கையில் நின்ற கழுதை விலகட்டும் என்று ஹோர்ன் அடித்தார். புது உறை போட்ட சீற்றோடு வந்து வாசலில் நிறுத்தி, கையைப் பின்னால் விரித்துக் காட்டினார்.

"கம், கம்! பிக்கப்!"

நுஹாவின் கைகள் இன்னும் மேலே இருந்தன. பிறகு ஒன்று இறங்கியது. பிறகு மற்றது. உதடு பிதுங்கியது. அவள் அழுத அழுகையில் றோட்டுக்கு அந்தப் பக்கக் கழுதையும் போய்விட்டது. தாயின் அபாயாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், வீட்டுக்குள் போகும்வரைக்கும் வெளியே எடுக்கவில்லை.

"தூக்கச் சொன்னவ, வாப்பா," என்றாள் றுமைஸா. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. "பிக் மி அப் எண்டா என்னைத் தூக்குங்கோ எண்டு. நீங்க தூக்குவீங்க எண்டு சொன்னீங்களாம். பிளேனில முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவ."

மாமா ஓட்டோவின் கைபிடியை விடாமல் அப்படியே இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

கதை தரிப்பிடத்துக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த நாளே வலன்ரைன் அண்ணர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு முன்னால் வந்து நின்றார். "மஹ்மூது, பிக் மி அப்!" எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கையைத் தூக்கிக்கொண்டு நிண்டவ, தம்பி. நான் கையைப் பாக்கேல்ல. சொல்லைத்தான் கேட்டன்."

நாட்கள் போயின. நுஹா மாமியின் பின்னால் குசினிக்குப் போனாள், கோழிகளோடு இங்கிலீஷ் பேசினாள், என்னிடம்கூட வந்து என் புத்தகத்தில் படம் ஏன் இல்லை என்று கேட்டாள். மாமா இருக்கிற கதிரைப் பக்கம் மட்டும் போகமாட்டாள். தூரத்தில் நின்று அவரைப் பார்ப்பாள். அவர் திரும்பினால், பார்க்காத மாதிரி ஓட்டோவைப் பார்ப்பாள்.

"சும்மா போய்த் தூக்குங்கோவன்," என்றாள் மாமி. "உங்கட பேத்திதானே? ஆரு கேக்கப்போறா?"

"ஒருக்கா கேட்டவ. எனக்கு விளங்கேல்ல. இனி அவ கேட்டாத்தான் தூக்கலாம்." மாமா கடலைத்தோலை உடைத்துக்கொண்டே சொன்னார். "கேக்காமத் தூக்கினா அது களவு."

"அவ ரெண்டாந்தரம் கேக்கமாட்டா, வாப்பா," என்றாள் றுமைஸா. "அவட குணம் அப்பிடி."

"எங்கட குணம்தான்," என்றார் மாமா.

போவதற்கு முதல்நாள் வந்துவிட்டது. பின்னேரம் வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று மாமா சொன்னார். "தம்பி, நீயும் வா. ஏதும் விளங்காட்டிச் சொல்லு." மாமி இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள், வரவில்லை. பின்னால் றுமைஸாவும் நுஹாவும். நான் மாமாவின் சீற்றின் ஓரத்தில், ஒரு கால் வெளியே தொங்க.

தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் தண்ணீர். எது கடல், எது வானம் என்று பிரிக்கிற கோட்டை அன்றைக்கு யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். ஓட்டோ ஒரு வெள்ளைத் துணிக்கு நடுவால் தையல் போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. மாமா அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தார். அதில் நுஹாவின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. அந்தக் கண்ணும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. லுக் ஆஃப்டர், என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

வங்காலைக்குப் போகிற பக்கம் ஓட்டோவை ஓரமாக விட்டுவிட்டு இறங்கினோம். தரவைப் புல்வெளிக்கு அப்பால் ஆழமில்லாத தண்ணீர். அதற்கு நடுவில், மாலை வெயில் உதிர்ந்து கிடக்கிற மாதிரி, இளஞ்சிவப்பாக ஒரு நீளம். பூநாரைகள். எங்களுக்கும் தண்ணீருக்கும் இடையில் பற்றைகள் வளர்ந்திருந்தன. எங்களுக்குத் தெரிந்தது. நுஹாவுக்குத் தெரியவில்லை. அவள் கால்விரலில் நின்றாள். துள்ளினாள். பற்றையைச் சுற்றிப் போகப் பார்த்தாள். அந்தப் பக்கம் சேறு. றுமைஸா கொஞ்சம் பின்னால், றிஸ்லானோடு போனில் நின்றாள்.

எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று வெடிச் சத்தத்தோடு போனது. சிவப்பு நீளத்தின் ஒரு முனை அசைந்தது. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் ஓடத் தொடங்கி, செட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த கறுப்பையும் கடுஞ்சிவப்பையும் விரித்தன. துள்ளலுக்கு நடுவில் நுஹா அதைக் கண்டுவிட்டாள்.

"தே ஆர் டேக்கிங் ஓஃப்!" என்று கத்தினாள்.

மாமா திடுக்கிட்டார். அவருக்கு ஓஃப் என்றால் ஒரே ஒரு கருத்துத்தான். விளக்கு, எஞ்சின், ஆள், எதுவானாலும் ஓஃப் என்றால் முடிந்தது. என்னைப் பார்க்கத் திரும்பியவர் பார்க்காமலே நின்றுவிட்டார். இந்த முறை சொல்லைக் கேட்கவில்லை, பறவைகளைப் பார்த்தார். அவை தண்ணீரை விட்டு எழும்பிக்கொண்டிருந்தன. பிறகு, பிள்ளையிடம் என்றில்லாமல் காற்றிடம் சொல்கிற மாதிரி, மெல்லமாகச் சொன்னார்.

"நோ ஓஃப். அப்."

நுஹா துள்ளுவதை நிறுத்தினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பிழையாகச் சொல்கிறாரா, சரியாகச் சொல்கிறாரா என்று அவளுக்குள் ஒரு பெரிய யோசனை ஓடியது. நடு றோட்டில் நிற்கிற கழுதைகளின் யோசனை.

"ஓஃப்," என்றாள், கையைத் தண்ணீர்ப் பக்கம் தட்டிக் காட்டி. "அன்ட் அப்," என்றாள், வானத்தைக் காட்டி.

"ஓஃப் அன்ட் அப்," என்றார் மாமா.

"யேஸ்."

பூநாரைகள் ஒரு பெரிய வளைவு எடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த வளைவு பற்றைக்குப் பின்னால் இறங்கியது. நுஹாவின் கண்ணிலிருந்து அது மறைந்துபோனது எனக்குத் தெரிந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். பற்றையைப் பார்த்தாள். மாமாவின் சாரத்தைப் பார்த்தாள். ஒரு அடி கிட்ட வந்தாள்.

"அப்," என்றாள்.

ஒரு சின்ன மூச்சு.

"பா."

மாமா குனிந்து அவளைப் பார்த்தார். அந்தச் சொல்லை அவள் எந்த நாளும் அப்படித்தான் சொல்லுவாள். கூப்பிட்டாளா? கேட்டாளா? மாமாவின் கண் ஒரு கணம் என்னிடம் வந்தது. எனக்கும் தெரியவில்லை. ஆளைக் கூப்பிடுகிற சொல்லும் தூக்கச் சொல்கிற சொல்லும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

மாமா திரும்ப அவளிடம் பார்வையைக் கொண்டுபோனார். முகத்தை அல்ல, வாயை அல்ல. கைகளைப் பார்த்தார். அவை உடம்போடு ஒட்டித்தான் இருந்தன. ஆனால் விரல்கள் மட்டும் கொஞ்சம் மேல்நோக்கி விரிந்திருந்தன. செட்டையை விரிக்கலாமா வேண்டாமா என்று பார்க்கிற மாதிரி.

அவர் தூக்கினார்.

அவளுடைய ஒரு கை தானாகப் போய் அவருடைய கழுத்தைப் பிடித்தது. பற்றைக்கு மேலால் அவள் முகம் போனது. அந்தப் பக்கம் பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டிருந்தன. அவளுடைய கன்னத்திலும் அந்த நிறம் கொஞ்சம் பட்டது.

"ஐ வோஸ்," என்றார் மாமா. திரும்பத் தொடங்கினார். "ஐ வோஸ் லுக்கிங் ஃபோர்வேர்ட்." நிறுத்தி, மூன்றாவது சில்லைத் தேடி எடுத்து, பூட்டினார். "ரு யூ."

நுஹா பறவைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மீ ரூ," என்றாள், தானும் காத்திருந்ததில் ஒரு பெரிய விஷயமும் இல்லை என்கிற மாதிரி.

போனை வைத்துவிட்டு றுமைஸா வந்தாள். கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு, பிள்ளைக்குப் பாரம் கூட, வாப்பாவுக்கு இடுப்பு நோகும் என்று நினைத்திருக்கவேண்டும். கையை நீட்டிக்கொண்டு கிட்டப் போனாள். நுஹா உடனே மாமாவின் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"டோன்ட் புட் மி டவுன்!"

அவருக்கு அதில் பாதிதான் விளங்கியிருக்கும். 'டோன்ட்' ஒன்று, 'டவுன்' ஒன்று. நடுவில் கிடந்ததை அவர் தேடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தன் வாழ்நாள் முழுக்க ஓடின சொல்லைத்தான் எடுத்தார்.

"நோ ட்ரொப்," என்றார். "அப்பா, நோ ட்ரொப்."

நுஹா முதல் தடவையாக அவருடைய முகத்துக்கு நேரே சிரித்தாள்.

வெயில் தண்ணீருக்குள் இறங்கி முடியுமட்டும் அவர் அவளை இறக்கவில்லை. பிறகும் இறக்கவில்லை. வீட்டுக்குப் போகிற நேரம் வந்தபோது ஓட்டோத் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீ ஓட்டு. எனக்குக் கை இல்ல."

எனக்கு ஓட்டோ ஓட்டத் தெரியாது. அதைச் சொன்னேன்.

"அப்ப இருப்பம்," என்றார்.

இருந்தோம். பாலத்துப் பக்கமிருந்து கழுதைகள் ஒவ்வொன்றாக வந்து, ஓட்டோவுக்கு முன்னால், நடு றோட்டில் நின்றன.